ஈப்போவும் செர்டாங்கும்: நம் தொழுவத்தையும் கோழிக்கூட்டையும் காத்த தடுப்பூசிகளின் வரலாறு

மாட்டுப் பொங்கலையொட்டி வெளிவரும் இம்மலரில், பகாவ் வட்டாரத்தில் ஆடு, மாடு, கோழி வளர்க்கும் குடும்பங்கள் நன்றியோடு நினைக்க வேண்டிய இரண்டு நிறுவனங்களின் வரலாற்றைப் பதிவு செய்கிறோம். ஒன்று ஈப்போவிலுள்ள கால்நடை ஆராய்ச்சிக் கழகம். மற்றொன்று செர்டாங்கில் இயங்கும் மலேசிய புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவப் புலம். விலங்கின் உடலிலேயே இருக்கும் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டி நோயை வெல்வதே இவ்விரண்டின் தலையாய பணி. இன்று ஓர் ஊசியில், ஒரு சொட்டு மருந்தில் முடிந்துவிடும் காரியத்துக்குப் பின்னால் மூன்று தலைமுறை உழைப்பு இருக்கிறது.

1910இல் கிம்மாஸிலிருந்து பகாவுக்கு ரயில் வந்தது. காடு அழிந்து ரப்பர்க் காடு எழுந்தது. ஜெராம் பாடாங், செயின்ட் ஹீலியர், கெடிஸ் போன்ற தோட்டங்களில் தொழிலாளர் லயங்கள் நிறைந்தன. நம் முன்னோர் கடல் கடந்து வந்தபோது கொண்டுவந்த செல்வம் மிகக் குறைவு. ஆனால் மாடு வளர்க்கும் அறிவு அவர்களோடு வந்தது. இந்தியாவிலிருந்து மாடுகளும் கப்பலேறி வந்தன. அவற்றின் வழிவந்த கலப்பு இனத்தையே கால்நடைத் துறையினர் இன்றும் ‘உள்ளூர் இந்தியப் பால்மாடு’ என்று பதிவேடுகளில் குறிக்கிறார்கள். நம் சமூகத்தின் பெயரைத் தாங்கிய ஒரு மாட்டினம் இந்நாட்டில் இருக்கிறது என்பது இளைய தலைமுறை அறிய வேண்டிய செய்தி. விடியலில் ரப்பர் பால் வெட்டப் போய்த் திரும்பிய குடும்பத்துக்கு, லயத்தின் பின்னால் கட்டிய பசு இரண்டாவது வருமானம். முற்றத்தில் மேய்ந்த கோழிகள் அவசரச் செலவுக்கான கையிருப்பு. தீபாவளிக்கும், பிள்ளைப்பேறு பார்த்த வீட்டுக்கும், முனியாண்டி படையலுக்கும் அந்தக் கோழிகளே உதவின.

அந்தச் செல்வம் ஒரே வாரத்தில் அழிந்துபோன காலமும் உண்டு. மாடுகளுக்கு வெக்கை நோயும் தொண்டை அடைப்பானும் கோமாரியும் வந்தன. கோழிகளுக்கு வெள்ளைக் கழிச்சல் வந்தது. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கொடுத்து, மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்வதற்கு மேல் அன்றைய தோட்டத்து மக்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

தடுப்பு மருந்தின் வேர் நம் முன்னோரின் தாய்நாட்டிலும் ஓடுகிறது. இமயமலைச் சாரலில் முக்தேசுவரில் இருந்த ஆய்வுக்கூடத்தில், 1920களில் ஜே. டி. எட்வர்ட்ஸ் வெக்கை நோய்க் கிருமியை ஆடுகளின் உடலில் மீண்டும் மீண்டும் செலுத்தி அதன் வீரியத்தைக் குறைத்தார். அப்படி அடங்கிய கிருமி, மாட்டைக் கொல்லாமல் அதன் உடலுக்கு நோயை அடையாளம் காட்டியது. சென்னை மாகாணத்தில் 1932இல் ராணிப்பேட்டையில் சீரம் நிலையம் தொடங்கப்பட்டது. நோயிலிருந்து தப்பிய மாட்டின் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுத்து, நோய் தாக்கிய மந்தைக்கு ஊசியாகப் போடுவதே அந்நாளைய சீரச் சிகிச்சை. அது தரும் காப்பு சில வாரங்களே நிற்கும். ஆனாலும் மந்தை முழுவதும் மடிவதை அது தடுத்தது. கடன் வாங்கிய எதிர்ப்புச் சக்தியிலிருந்து, விலங்கு தானே உண்டாக்கிக்கொள்ளும் எதிர்ப்புச் சக்திக்குக் கால்நடை மருத்துவம் நகர்ந்த காலம் அது.

மலாயாவில் வெள்ளைக் கழிச்சல் நோய் முதன்முதலாக 1934இல் பேராக் மாநிலத்தின் பாரிட் புந்தாரில் பதிவானது. அதற்கு எட்டாண்டுகளுக்கு முன்பு, 1926இல், ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் அது கண்டறியப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டே இந்தியாவின் ராணிக்கெட்டில் பதிவானது. தமிழ்நாட்டில் ராணிக்கெட் நோய் என்றும், மலாய்க்காரர்கள் சம்பார் ஆயாம் என்றும் சொல்வது இதைத்தான். கோழி கழுத்தை முறுக்கிக்கொண்டு சுற்றும். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். காலையில் ஒன்று விழுந்தால் வார இறுதிக்குள் லயம் முழுவதும் கூடு காலி. தப்பிப் பிழைக்கும் கோழிகள் மிகச் சில.

போர் முடிந்த பிறகு, 1948ஆம் ஆண்டு, ஈப்போவில் கால்நடை ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. அதே ஆண்டு ஜூன் மாதம் நாட்டில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 வரை நீடித்த அந்த ஆண்டுகளில் ஊரடங்கும் முள்வேலியும் சாலைச் சோதனையும் வாழ்வின் பகுதியாக இருந்தன. தோட்டத்து லயங்கள் வேலிக்குள் ஒன்றுசேர்க்கப்பட்டன. புதுக்கிராமங்கள் எழுந்தன. மனிதரும் விலங்கும் நெருங்கி வாழ்ந்த அந்த இடங்களில் நோய் பரவ வழி எளிதாயிற்று. அப்படிப்பட்ட நாட்களில் ஐஸ் நிரப்பிய பெட்டியில் மருந்துக் குப்பிகளைச் சுமந்துகொண்டு உட்பகுதிக்குச் சென்ற கால்நடைத் துறை ஊழியர்களின் துணிச்சலைக் குறைத்து மதிப்பிட முடியாது. அவர்கள் பெயர்களை எந்தக் கல்வெட்டும் தாங்கவில்லை. ஆனால் அவர்கள் போட்ட ஊசியால் பிழைத்த மந்தைகளின் வழித்தோன்றல்கள் இன்றும் நம் தொழுவங்களில் நிற்கின்றன.

ஈப்போ கழகம் கோழிகளுக்கும் மாடுகளுக்கும் உரிய தடுப்பு மருந்துகளை உள்நாட்டிலேயே தயாரித்தது. வெள்ளைக் கழிச்சலுக்கு இரண்டு வகை மருந்து வழக்கத்துக்கு வந்தது. குஞ்சுகளுக்கு வீரியம் குறைந்த எஃப் வகை. அதைக் கண்ணிலோ மூக்கிலோ சொட்டாக விடுவார்கள். வளர்ந்த கோழிக்கு முக்தேசுவர் வகை ஊசி. ஆய்வாளர்கள் ஹாடோவும் இட்னானியும் 1946இல் முக்தேசுவரில் முட்டைக் கருவில் வளர்த்து அடக்கிய கிருமி அது. குஞ்சுக்கு ஒன்று, கோழிக்கு ஒன்று என்று பிரித்ததற்குக் காரணம் உண்டு. தாய்க்கோழியின் எதிர்ப்புப் பொருள் முட்டையின் மஞ்சள் கரு வழியாகக் குஞ்சுக்கு வந்து சேர்கிறது. அது குஞ்சைச் சில வாரம் காக்கும். அதே பொருள், மிகச் சீக்கிரம் போடும் தடுப்பு மருந்தையும் அடக்கிவிடக்கூடும். எனவே எந்த நாளில், எந்த வீரியத்தில் போடுவது என்பதே ஒரு சாத்திரமாயிற்று.

1931இல் செர்டாங்கில் தொடங்கிய விவசாயப் பள்ளி, பின்னர் விவசாயக் கல்லூரியாகி, 1971இல் மலேசிய விவசாயப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது; அதுவே இன்றைய புத்ரா பல்கலைக்கழகம். அதன் தொடக்க ஆண்டுகளிலேயே கால்நடை மருத்துவப் புலமும் அமைந்தது. அதற்கு முன்பு இந்நாட்டு இளைஞர்கள் இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் மேலைநாடுகளுக்கும் போய்த்தான் கால்நடை மருத்துவம் படித்துத் திரும்பினார்கள். உள்ளூரில் மருத்துவர்கள் உருவாகத் தொடங்கியதும் உள்ளூர்ச் சிக்கல்கள் ஆய்வு மேசைக்கு வந்தன.

அவற்றுள் முதன்மையானது, கம்பத்துக் கோழியும் தோட்டத்துக் கோழியும். 1970களுக்குள் பெரிய கோழிப்பண்ணைகள் தடுப்பூசியால் நிமிர்ந்துவிட்டன. ஆனால் முற்றத்தில் மேய்ந்த கோழிக்கு அந்த மருந்து எட்டவில்லை. குப்பியை முதல் நாள் முதல் கடைசி நாள் வரை குளிரில் வைக்க வேண்டும். லயத்தில் ஐஸ்பெட்டி ஏது? ஒரு குப்பி நூறு, ஆயிரம் கோழிகளுக்கு. வீட்டில் இருப்பதோ பத்து, இருபது. திறந்த குப்பி சில மணி நேரத்தில் வீணாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, பகலில் அந்தக் கோழியைப் பிடிக்கவே முடியாது. செம்பனைக்கும் வேலிக்கும் நடுவே ஓடி மறையும். இரவில் மரமேறி அடையும். மருத்துவர் காத்திருந்து ஒவ்வொன்றாகப் பிடித்துச் சொட்டு விடுவது நடக்கும் காரியமல்ல.

இந்தக் கட்டத்தில் செர்டாங் ஆற்றிய பணியே இந்த வரலாற்றின் பொற்காலம் என்று துணிந்து எழுதலாம். 1966இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் நோயின்றி வளர்ந்த கோழிகளிலிருந்து வெள்ளைக் கழிச்சல் கிருமியின் ஒரு வகை பிரித்தெடுக்கப்பட்டது. வி4 என்று அதற்குப் பெயர். அது கோழிக்கு எந்தத் தீங்கும் செய்யாது. ஆனால் உடலுக்குள் நுழைந்து பெருகி, கொல்லும் கிருமிக்கு எதிரான சக்தியை எழுப்பும். குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பீட்டர் ஸ்பிராட்புரோவும், செர்டாங்கின் பேராசிரியர் லத்திப் இப்ராஹிம், ஐனி இடெரிஸ் ஆகியோரும், ஆஸ்திரேலியப் பன்னாட்டு வேளாண் ஆராய்ச்சி மையத்தின் உதவியுடன் 1984 முதல் இணைந்து உழைத்தார்கள். கிருமியை 56 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைத்து, தாங்கி நின்றதை மட்டும் தேர்ந்தெடுத்து, அதை வளர்த்து மீண்டும் வெப்பத்தில் வைத்தார்கள். இப்படி வெயிலுக்கு அஞ்சாத ஒரு வகை உருவாயிற்று. அதைக் கோழித்தீவன வில்லைகளின் மேல் தெளித்தார்கள். கோழியைப் பிடிக்க வேண்டியதில்லை. வழக்கமாக வீட்டுப் பெண்கள் ‘பா பா’ என்று கூப்பிட்டுத் தீனி தூவும் நேரத்தில் தூவினால் போதும். தின்ற கோழியின் எச்சம் வழியாக அருகிலிருக்கும் கோழிக்கும் அந்தக் கிருமி பரவும். தின்னாமல் ஒதுங்கி நின்ற கோழிக்கும் காப்பு சேர வழி பிறந்தது.

ஊசியோடு கோழியைத் துரத்திய மருத்துவம், கோழி தானே தேடி வரும் மருத்துவமாக மாறியது. விலையுயர்ந்த கருவி எதையும் கேட்காமல், படிக்காத ஓர் ஏழைத் தாயின் கையையே மருத்துவரின் கையாக்கிய அறிவியல் இது. பெரும் பண்ணைக்காக அல்லாமல் முற்றத்துக் கோழிக்காகவே உலகத்தரமான ஆய்வு ஒன்று நடந்ததும், அது நம் நாட்டில் நடந்ததும் பெருமைக்குரியது.

இந்த முயற்சியின் முதல் முடிவுகள் ஆய்வாளர்கள் முன் வைக்கப்பட்டன. 1987இல் அவை நூலாக வெளிவந்தன. 1991 அக்டோபரில் கோலாலம்பூரில் ஓர் அனைத்துலகப் பட்டறை கூடியது. இதற்கிடையே தாய்லாந்து, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், இலங்கை ஆகிய நாடுகளில் இம்முறை சோதிக்கப்பட்டது. ஒவ்வொரு நாட்டிலும் கோழி தின்னும் தானியம் வேறு. சில பச்சைத் தானியங்கள் மருந்தைச் செயலிழக்கச் செய்வதும், சமைத்த சோறு ஏற்றதாக இருப்பதும் அப்போது தெரியவந்தன. ஸ்பிராட்புரோ பின்னர் ஐ-2 என்னும் வெப்பம் தாங்கும் மற்றொரு வகையை உருவாக்கி, வளரும் நாடுகளின் ஆய்வுக்கூடங்களுக்கு விலையின்றி வழங்கினார். வியட்நாமிலிருந்து மொசாம்பிக், தான்சானியா வரை அது சென்றது. தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் ராணிக்கெட் நோய்க்கு வாய்வழிக் குருணை மருந்தைத் தயாரித்தது. ஐனி இடெரிஸ் 2016இல் புத்ரா பல்கலைக்கழகத்தின் முதல் பெண் துணைவேந்தரானார். கோழிக்கூட்டிலிருந்து தொடங்கிய ஓர் ஆய்வு அவரை அந்த இடத்துக்கு உயர்த்தியதில் நாமும் மகிழ்கிறோம்.

1990களின் தொடக்கத்தில் கொடிய வகைக் கும்போரோ நோய் நாட்டின் கோழிப்பண்ணைகளைத் தாக்கியது. குஞ்சின் எதிர்ப்புச் சக்தி பிறக்கும் உறுப்பையே அது அழிப்பதால், மற்றத் தடுப்பு மருந்துகளும் பலன் தராமல் போகும். அதற்கும் செர்டாங்கில் உள்நாட்டுக் கிருமியைக் கொண்டே மருந்து ஆராயப்பட்டது.

இனி நம் நெகிரி செம்பிலான் மாநிலத்தின் மறக்க முடியாத துயரத்துக்கு வருகிறோம். 1998 செப்டம்பர் இறுதியில் ஈப்போ அருகே பன்றிப்பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. முதலில் அதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கருதினார்கள். கொசு மருந்து அடித்தார்கள். மக்களுக்கும் பன்றிகளுக்கும் அந்நோய்க்குரிய தடுப்பூசி போட்டார்கள். ஆயினும் சாவு நிற்கவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்களோ பன்றியோடு நெருங்கிப் பழகிய வயதுவந்த ஆண்கள். அவர்களில் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் இருந்தார்கள். 1999 தொடக்கத்தில் நோய் பன்றிகளோடு லாரியேறி நெகிரி செம்பிலானுக்கு வந்தது. சிக்காமாட், புக்கிட் பெலண்டோக், சுங்கை நிப்பா என்று பரவியது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங் மார்ச் மாதத் தொடக்கத்தில், சுங்கை நிப்பா கிராமத்து நோயாளி ஒருவரிடமிருந்து எடுத்த மாதிரியில் முற்றிலும் புதிய கிருமியைக் கண்டார். அந்தக் கிராமத்தின் பெயரே அதற்கு நிலைத்தது.

265 பேர் நோயுற்றார்கள். 105 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் நம் மாநிலத்தவர். சீன சமூகத்துப் பண்ணை உரிமையாளர்களோடு, அந்தப் பண்ணைகளில் கூலி வேலை செய்த நம்மவரும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள் என்பதை வேதனையோடு பதிவு செய்கிறோம். தடுப்பு மருந்து இல்லாத நோய் அது. இராணுவத்தின் துணையோடு 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. ஒரு தொழிலே மாநிலத்தின் அந்தப் பகுதியிலிருந்து மறைந்தது.

தடுப்பூசி இல்லாத அந்த நேரத்திலும் எதிர்ப்புச் சக்தி பற்றிய அறிவுதான் கைகொடுத்தது. நிப்பா தொற்றிய பன்றியின் இரத்தத்தில் அதற்கே உரிய எதிர்ப்புப் பொருள் உண்டாகும். ஆஸ்திரேலியாவின் ஜீலோங் ஆய்வுக்கூடத்தின் உதவியோடு, ஈப்போ கழகத்தில் அந்தப் பொருளைக் கண்டறியும் இரத்தப் பரிசோதனை ஏற்படுத்தப்பட்டது. நாடு முழுவதும் பண்ணை பண்ணையாக இரத்தம் எடுத்தார்கள். 889 பண்ணைகளைச் சோதித்து, 50 பண்ணைகளில் தொற்று மிச்சமிருந்ததைக் கண்டு அகற்றினார்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒளிந்திருந்த கிருமியை, விலங்கின் உடல் எழுதிவைத்த சான்றைக் கொண்டு பிடித்தார்கள். தாங்களே நோய்க்கு இலக்காகலாம் என்று தெரிந்தும் பண்ணைக்குள் இறங்கிய கால்நடை ஊழியர்களுக்கு இந்த மாநிலம் கடன்பட்டிருக்கிறது. நிப்பாவை ஆராய்ந்த குழுவினரில் மலாயாப் பல்கலைக்கழகத்தாருக்கு 2008இல் மெர்டேக்கா விருது கிடைத்தது. நிப்பாவின் உறவுக் கிருமியான ஹெண்ட்ராவுக்கு 2012இல் ஆஸ்திரேலியாவில் குதிரைகளுக்கான தடுப்பூசி வந்தது. அதே குடும்பத்துக் கிருமிக்கு மருந்து செய்ய முடியும் என்பது அதனால் உறுதியாயிற்று.

2004 ஆகஸ்டில் கிளந்தானில் பறவைக் காய்ச்சல் வந்தபோது நிப்பா கற்றுத்தந்த பாடம் உடனே பயன்பட்டது. 2011 ஜூனில் வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் நிறுவனம் அறிவித்தது. மனிதகுலம் பெரியம்மைக்குப் பிறகு ஒழித்துக்கட்டிய இரண்டாவது நோய் அது. கென்யாவில் வால்டர் பிளவ்ரைட் உருவாக்கிய திசு வளர்ப்புத் தடுப்பூசிதான் அந்த வெற்றியின் ஆயுதம். இந்தியாவில் அந்நோய் கடைசியாகத் தென்பட்டது 1995இல், தமிழ்நாட்டின் வட ஆர்க்காடு பகுதியில். ராணிப்பேட்டை சீரம் நிலையம் எழுந்த அதே மண்ணில், அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு, நோயின் கணக்கு முடிந்தது.

2010களில் செர்டாங்கின் பேராசிரியர் முகமது சம்ரி சாட் குழுவினர் தொண்டை அடைப்பானைக் கையிலெடுத்தார்கள். மலாய்க்காரர்கள் ஹாவார் பெர்டாரா என்னும் இந்நோய் மழைக்காலத்தில் மாட்டையும் எருமையையும் ஓரிரு நாளில் சாய்த்துவிடும். எண்ணெய் கலந்த பழைய ஊசி பலன் தந்தாலும், காட்டோரம் மேயும் எருமையையும் செம்பனைக்குள் திரியும் மாட்டையும் பட்டியில் அடைத்து ஊசி போடுவது பெரும்பாடு. அவர்கள் நோய்க்கிருமியின் மரபணு ஒன்றை முடக்கி வீரியம் நீக்கி, மூக்கில் தெளிக்கும் மருந்தாக்கினார்கள். மருந்து பெற்ற மாடுகள் மந்தைக்குத் திரும்பியதும், கூட மேய்ந்த மாடுகளுக்கும் அந்தக் கிருமி போய்ச் சேர்ந்து காப்பை எழுப்பியது. வி4 கோழிக்குச் செய்ததை இது மாட்டுக்குச் செய்தது. பிடிக்க முடியாத உயிரை நோக்கி மருந்தை நடக்க வைப்பதே செர்டாங் பள்ளியின் தனி முத்திரை என்பது எம் கருத்து. ஆடுகளின் நிமோனியாவுக்கும் மூக்கில் தெளிக்கும் மருந்து அங்கே உருவானது.

2019 ஜனவரி முதல் கால்நடைத் தீவனத்தில் கொலிஸ்டின் மருந்தை மலேசியா தடை செய்தது. மனிதரைக் காக்கும் கடைசி வரிசை மருந்து மாட்டிலும் கோழியிலும் வீணாகக் கூடாது என்பதே காரணம். அதனால் தடுப்பூசிக்கும், நன்மை செய்யும் நுண்ணுயிர்த் தீவனத்துக்கும், முட்டை மஞ்சள் கருவிலிருந்து எடுக்கும் எதிர்ப்புப் பொருளுக்கும் இன்று மதிப்புக் கூடியிருக்கிறது. நம் வீடுகளில் செலவின்றிக் கிடைக்கும் சீரச் சிகிச்சை ஒன்று உண்டு. அதுதான் சீம்பால். பசுவின் கருப்பையில் எதிர்ப்புப் பொருள் கன்றுக்குக் கடத்தப்படுவதில்லை. கன்று வெறும் உடலோடுதான் பிறக்கிறது. பிறந்த முதல் சில மணி நேரத்தில் குடிக்கும் சீம்பால்தான் அதன் முதல் தடுப்பூசி. ஒரு நாள் கழிந்தால் குடலின் அந்த வாசல் அடைபட்டுவிடும். கன்று வயிறாரக் குடித்த பிறகே மிச்சத்தைக் காய்ச்ச வேண்டும் என்று நம் பாட்டிமார் கண்டித்துச் சொன்னதை ஆய்வுக்கூடம் உறுதி செய்திருக்கிறது.

நம் வட்டாரத்துக்கு ஜெம்போல் மாவட்டக் கால்நடை அலுவலகம் இருக்கிறது. மாடு, ஆடு வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பமும் அங்கே பதிந்துகொண்டு, கோமாரிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் உரிய ஊசியை மழைக்காலம் தொடங்கும் முன்பே கேட்டுப் போட்டுக்கொள்ளுமாறும், நான்கு கோழி மட்டுமே இருந்தாலும் வெள்ளைக் கழிச்சல் மருந்தைப் பற்றி விசாரிக்குமாறும், கொத்துக் கொத்தாகக் கோழி செத்தால் புதைத்துவிட்டுப் பேசாமல் இருக்காமல் அன்றே தகவல் சொல்லுமாறும் இம்மலரின் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம்.